அப்ஸ்டெயர்ஸ் மாமா

எண்பதுகளின் நடுவில் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் இரண்டு அறை, அதோடு கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் என்கிற அளவில் ஒரு குட்டி அறை. அந்த நாளில் லண்டனில் வீடு வாங்கிய யாழ்ப்பாணத்தார் யாரும் ஓர் அறையைச் சும்மா பூட்டி வைத்ததில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய பெடியன்கள் வாடகைக்கு இருப்பார்கள். எங்கள் குட்டி அறைக்கு வந்து சேர்ந்தவரோ ஐம்பது வயதைக் கடந்த ஒரு தத்துவ ஆசிரியர், ஜோர்ஜியாக்காரர்.

“ஜோர்ஜியா எண்டால் அமெரிக்கா எல்லோ? அங்க இருந்த மனுசன் ஏன் இஞ்ச வந்து சாப்பாட்டுத் தட்டு அடுக்கிறார்?” என்று என் கணவர் கேட்டார்.

அது வேறு ஜோர்ஜியா, இது ரஷ்யாவுக்குக் கீழே, மலைகளுக்கு நடுவே இருக்கிறது என்று விளக்கினேன். எனக்கே அது அண்மையில்தான் தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் எனக்கு வேலை. பெல்ட்டில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். எனக்கு இடப்பக்கம் நின்று தட்டில் பாண், அதுதான் பிரெட், வைப்பவர் அவர். தலையில் நீல வலைத்தொப்பி, மூக்கில் தடித்த கண்ணாடி. பல நாள் பேசாமலே வேலை செய்தோம். ஒருநாள் கோவா வறை, அதாவது முட்டைக்கோஸ் பொரியல், வைத்த தட்டில் ‘ஹிந்து வெஜிடேரியன்’ என்று லேபல் ஒட்டியிருந்தது. அதை நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, “இந்தக் கோவா எப்போது மதம் மாறியது?” என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து சிநேகிதம். அவர் இருந்த வீட்டை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நானே எங்கள் குட்டி அறைக்குக் கூட்டிவந்தேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அதை ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலேயர் வழக்குப் போடுவார்கள். ஆகவே அவர் பேசியதையெல்லாம் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

வந்த அன்றைக்கு அவருடைய புத்தகப் பையைத் தூக்க உதவினேன். ஒரு புத்தகம் விழுந்து திறந்துகொண்டது. உள்ளே வட்ட வட்டமாக எழுத்து. சிங்களம் என்று நினைத்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்த நாளில் எங்களுக்கு அந்த எழுத்தைக் கண்டால் வாசிக்கத் தெரியாத அரசாங்கக் கடிதமும் சோதனைச் சாவடியும்தான் ஞாபகம் வரும். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“இது எங்கள் ஜோர்ஜிய எழுத்து. இதற்குப் பயந்த முதல் ஆள் நீங்கள் இல்லை” என்றார். அப்படித்தான் அவருடைய கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது.

திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, படித்து, தலைநகரான திபிலிசியில் பல்கலைக்கழக ஆசிரியரானவர். பாடம் தர்க்கம். எதிலிருந்து எந்த முடிவு சரியாக வரும் என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு. சோவியத் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ‘பேரரசு’ என்றுதான் சொல்வார். பேரரசு என்றால் எனக்கு வெள்ளைக்காரன்தான் தெரியும், இப்போது அவனுடைய தலைமைக் கந்தோர் இருக்கிற ஊரிலேயே குடியிருக்கிறேன் என்றேன். “தொழில் ஒன்றுதான், முதலாளிதான் வேறு” என்றார்.

உயர்ந்த படிப்பெல்லாம் ரஷ்ய மொழியில் இருப்பதுதான் முறை என்பது அங்கே எழுதாத சட்டம். இவர் வகுப்பில் ஜோர்ஜிய மொழியில் பேசினார். பேசியதோடு நின்றாரா? அந்த மொழியிலேயே தர்க்கத்துக்கு ஒரு பாடநூல் எழுதினார். இல்லாத சொற்களுக்கெல்லாம் சொல் உண்டாக்கினார். அதில் ஓர் உதாரணம்: வேறு வேரில் ஒட்டிய திராட்சைக்கொடியும் தன் சொந்த ருசியிலேயே காய்க்கும். அச்சுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்களாம். கொடி யார், வேர் யார் என்று. கொடி கொடிதான், வேர் வேர்தான், என் அப்பாவின் தோட்டத்தில் வந்து பாருங்கள் என்று சத்தியம் செய்தாராம்.

“உண்மையிலேயே அது வெறும் கொடிதானா?” என்று கேட்டேன்.

“அவர்களிடம் அப்படித்தான் சொன்னேன்” என்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரித்தது.

புத்தகம் எப்படியோ அச்சாகிவிட்டது. மாணவர்கள் கையில் பரவிவிட்டது. அவர் ஒரு மாநாட்டுக்காக வியன்னாவுக்கு வந்திருந்த நேரத்தில் மேலிடத்தில் யாரோ அந்தக் கொடியை மறுபடி வாசித்திருக்கிறார்கள். கூட வந்த ஒருவர் ஹோட்டல் படிக்கட்டில் வைத்துக் காதில் சொன்னாராம்: புத்தகத்தைப் பறித்துவிட்டார்கள், உன் வேலை போய்விட்டது, திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அவர் திரும்பவில்லை, லண்டனுக்கு வந்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். குரல் மாறுவது அடுத்த விஷயத்துக்குத்தான். மனைவி எப்போதோ இறந்துவிட்டாள். ஒரே மகள், அப்போது பதினேழு வயது. அவளைத் தன் அக்காவிடம் விட்டு, இரண்டு கிழமையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். தகப்பன் ஓடிப்போனதால் அவளுக்கு மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டது. அவர் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் அவள் பதில் போடவில்லை. அப்பா தன்னை விட்டுவிட்டு மேற்கு நாட்டில் சுகமாக இருக்கிறார் என்பது அவள் முடிவு. சுகத்தைப் பார்க்க அவள் அந்தக் குளிர் அறையில் என் பக்கத்தில் நின்று பாண் வைத்திருக்க வேண்டும்.

அவருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். மகள் ஒருமுறை தன்னோடு கதைக்க வேண்டும். எங்கள் வீட்டு போன் நம்பரை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி அனுப்புவார். அங்கே அவர்கள் வீட்டில் போன் இல்லை. தபால் கந்தோருக்குப் போய், பதிந்து, காத்திருந்து அவள்தான் இங்கே கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே போகமாட்டார்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. எங்கள் பிள்ளைகளுக்கு உலகத்தில் உள்ள ஆம்பிளைகள் எல்லோரும் மாமா. கடைக்காரர் மாமா, பஸ் ஓட்டுபவர் மாமா. ஆகவே அவர் வந்த மறுநாள் காலையில் படிக்கட்டின் கீழே நின்று அவரைப் பார்த்து, “மாமா!” என்றாள். இறங்கி வந்துகொண்டிருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கையால் காட்டினார். அவளும் உற்சாகமாகச் சொன்னாள். அவர் தன் மொழியில் ஏதோ கொஞ்சினார். அதுவும் ‘மாமா’ என்றே முடிந்தது. மனுசன் பிள்ளையோடு பகிடி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. அவள் மாமா என்பாள், இவரும் மாமா என்பார். வெளியாட்களிடம் பேசும்போது மட்டும் அவள் அவரை ‘அப்ஸ்டெயர்ஸ் மாமா’ என்பாள். ஏனென்றால் மற்ற மாமாக்களோடு குழம்பிவிடக்கூடாதே.

அவர் இருந்த காலத்தில் என் குசினியே மாறிப்போனது. யாழ்ப்பாணத்துச் சமையலில் கொத்தமல்லி இலைக்கு அப்படியொன்றும் மரியாதை இல்லை. இவர் சனிக்கிழமை சவுத்தாலுக்குப் போய் கட்டுக் கட்டாக வாங்கிவந்து, மீன் குழம்பில் நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் கிள்ளிப் போட்டுவிடுவார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். “தத்துவத்தை உங்கட அறையில வைச்சிருங்கோ, என்ர சட்டிக்குள்ள வேண்டாம்” என்று தமிழிலேயே கத்துவேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டு தட்டுச் சாப்பிடுவார். நான் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

பேரரசு தளரத் தொடங்கிய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நான் குளியலறையில். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. போன் எடுப்பதில் அவளை யாரும் முந்த ஏலாது. எடுத்தாள். ஒரு பெண் குரல் அவருடைய பெயரைச் சொல்லியிருக்கிறது. உடனே இவள் ரிசீவரை வாயிலிருந்து எடுக்காமலே மாடியைப் பார்த்துக் கத்தினாள்: “மாமா! மாமா! கம் குவிக், போன்!”

அவர் மேலிருந்து, வழக்கம்போல, “வருகிறேன், மாமா!” என்று தன் மொழியில் பதில் சொல்லிக்கொண்டே படிகளில் விழுந்தடித்து இறங்கினார். ரிசீவரைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், சுவரோடு சாய்ந்து நிற்கிறார். முகம் வெளிறிப்போய்விட்டது. என் மகள் அவருடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஸொறி மாமா, ஸொறி மாமா” என்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடுகிறார்.

குசினியில் உட்கார்த்தி, தண்ணீர் கொடுத்து, என்ன என்று கேட்டேன்.

“எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா” என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். அவர்கள் ஊரில் பிள்ளை தகப்பனை மாமா என்று கூப்பிடும். தகப்பன் கொஞ்சும்போது பிள்ளையையும் மாமா என்றே கூப்பிடுவான். அது வழக்கம். தகப்பனும் பிள்ளையும் தவிர வேறு யாரும் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவதில்லை.

என் மகளை நானும்தான், “வாங்கோ அம்மா, சாப்பிடுங்கோ அம்மா” என்று கூப்பிடுகிறேன். எங்களுக்கும் அதே வழக்கம் இருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் தபால் கந்தோரில் நின்ற அந்தப் பெண்ணின் காதில் என்ன விழுந்திருக்கும் என்று விளங்கியது. லண்டனில் ஒரு சின்னப் பிள்ளை அவள் தகப்பனை “அப்பா, அப்பா” என்று கூப்பிடுகிறது. அவரும் “வருகிறேன், அப்பா” என்று அந்தப் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு ஓடிவருகிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை? ‘அங்கிள்’ என்று கூப்பிடப் பழக்கியிருப்பேனே!”

“அதனால்தான் சொல்லவில்லை” என்றார். “சொன்னால் நிறுத்திவிடுவீர்கள்.”

எழும்பிப் போய் அவருக்குச் சோறு போட்டேன். சாப்பிடவில்லை.

அன்றே விளக்கமாகக் கடிதம் எழுதினார். தமிழ் என்று ஒரு மொழி, அதில் மாமா என்றால் தாயின் சகோதரன், மரியாதைக்கு யாரையும் அப்படி அழைப்பார்கள் என்றெல்லாம். பதில் அக்காவிடமிருந்துதான் வந்தது. மகள் சொல்லச்சொன்னதை அக்கா எழுதியிருந்தாள். அவர் எனக்கு மொழிபெயர்த்தார்: “மாமா என்று பிள்ளை கூப்பிடுவது அப்பாவை. அந்தப் பிள்ளை உங்களை மாமா என்று கூப்பிட்டது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆசிரியரே.”

வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, “முதல் வாக்கியம்தான் பிழை. மற்றபடி தர்க்கம் சரியாக இருக்கிறது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்” என்றார். அந்த நிலையிலும் அவருக்குள் ஒரு வாத்தியாருக்குப் பெருமை வந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

என் மகளுக்கு ‘அங்கிள்’ சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அவள் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவரே அவளைக் கூப்பிட்டு, “நீ பழையபடியே கூப்பிடு” என்றுவிட்டார்.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. தொண்ணூறு பிறந்தது. தொலைக்காட்சியில் பேரரசு துண்டு துண்டாக உடைந்துகொண்டிருந்தது. அவர் செய்தியைப் பார்ப்பார், எழும்பிப் போய் போனைத் தூக்கி, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார்.

ஒரு வேலைநாள். அவர் வேலையில், நான் வீட்டில். போன் அடித்தது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து ஒரு பெண் பேசினாள். ஆசிரியரோடு பேச வேண்டும். பல்கலைக்கழகம் அவருடைய தர்க்க நூலை மறுபடி அச்சிடப் போகிறது. அவர் திரும்பி வந்து ஜோர்ஜிய மொழியில் பாடம் நடத்த விரும்புகிறாரா என்று தன்னைக் கேட்டுச்சொல்லச் சொன்னார்கள். அலுவலக விஷயம், வேறொன்றும் இல்லை.

“நீங்கள் மகள்தானே?” என்றேன்.

“நீங்கள் அவருடைய மனைவியா?” என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. தூர தேசத்துப் பிள்ளை, லைன் எப்போதும் வெட்டுப்படலாம், மெதுவாகப் பேச வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. என் பிள்ளையைப் பேசுவதுபோலப் பேசினேன். “போனை வைத்தால் தெரியும்! நான் வேறொருவரின் மனைவி. உன் அப்பா எங்கள் வீட்டில் ஒரு பெட்டி மாதிரி அறையில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் இந்த போனுக்குக் காவல் இருக்கிறார். எங்கள் பிள்ளைக்கு எல்லோரும் மாமாதான்.”

“கடிதத்தில் வாசித்தேன்” என்றாள். குரலில் ஐஸ். “அவரும் பதிலுக்கு அப்படிக் கூப்பிட்டாரே. அவருக்கு அர்த்தம் தெரியும்.”

“தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார். அந்தச் சொல்லைச் சொல்ல நீ பக்கத்தில் இல்லை. கேட்ட இடத்தில் கேட்டுக்கொண்டார். மனுசன் வேறென்ன செய்வார்?”

அவள் போனை வைக்கவில்லை, மூச்சு கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகளை இழுத்துவந்தேன். “இந்த அன்ரிக்கு உங்கட மாமாமார் ஆர் ஆர் எண்டு சொல்லுங்கோ அம்மா.”

அவளுக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை இல்லை. வாய் நிறையப் பிஸ்கட்டோடு தொடங்கினாள். “அப்ஸ்டெயர்ஸ் மாமா. கடை மாமா. கோயில் மாமா. தோர்ண்டன் ஹீத் மாமா, அவர் ஃபற் மாமா. டென்டிஸ்ட் மாமா, ஐ டோன்ட் லைக் ஹிம். வீடியோ கசெற் மாமா. பஸ் மாமா…” மூச்சு வாங்கிவிட்டு, யோசித்து, “மூன், நிலா மாமா” என்றாள்.

ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன்.

“நிலாவுமா?” என்றாள் அந்தப் பெண்.

“ஓம், நிலாவும்.”

“எங்கள் ஊர்ப் பாட்டிலும் நிலா மாமாதான், அப்பாதான்” என்றாள். பிறகு சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு அடக்க முடியாமல். தபால் கந்தோரில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “உங்கள் கணவர் இத்தனை பேரையும் பொறுத்துக்கொள்கிறாரா?” என்று கேட்டாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. லைன் கரகரக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன், அவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்றாள்.

அடுத்த வருடம் அவர் ஊருக்குத் திரும்பினார். குளிருக்குக் கோட்டு மாட்டிய மாணவர்களுக்கு, மின்சாரம் இல்லாத வகுப்பறையில், தன் மொழியில் பாடம் நடத்தினார். ஆனால் எனக்கு அவரை நினைத்தால் மனதில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

காலையிலேயே சவரம் செய்து, கழுத்தில் டை கட்டிக்கொண்டு இறங்கிவந்தார். “போனுக்குள்ளால டை தெரியாது எல்லோ” என்று என் கணவர் தமிழில் சொல்ல, நான் முழங்கையால் இடித்தேன். போன் அடித்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒரு சொல்லும் விளங்காத மொழியில் ஒருவர் பேசப்போகிறார், அதற்கு ஏன் கதவைச் சாத்தினோம் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் குரலே கேட்கவில்லை. இடைக்கிடை ஒற்றைச் சொல் ஒன்று, அவ்வளவுதான். மணிக்கணக்கில் பேசக்கூடிய மனுசன். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கடைசியில் கதவு திறந்தது. டை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, கண்ணாடி கையில் இருந்தது, முகமெல்லாம் ஈரம்.

“என்ன சொன்னாள்?”

“திட்டினாள்.”

“முழு நேரமுமா?”

“முழு நேரமும்” என்றார். “தொடங்கும்போது ‘நீங்கள்’ என்றாள், ‘ஆசிரியரே’ என்றாள். கோபம் ஏற ஏற ‘நீ’க்கு வந்துவிட்டாள்.” கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. “இன்னும் முடியவில்லையாம். மிச்சத்தை அடுத்த ஞாயிறு திட்டுவாளாம். அதுவரை எங்கேயும் போய்விடாதே என்றாள்.”